சோலைக்குள் ஓர் உலைக்களம்

கலைப்பொருளொன்றை ஆக்கியவர் யார் என்னும் வினா வெறும் புலமை வினாவே எனக் கருதுவோர், 1910ஆம் ஆண்டின் இறுதியில் மேற்கு ஆபிரிக்காவின் இஃபே நகரில் நடந்தேறிய நிகழ்ச்சியைச் சற்று ஊன்றி நோக்குதல் வேண்டும். லியோ புரொபேனியஸ் என்னும் ஜேர்மானிய ஆய்வாளர், யொரூபா மக்கள் உலகின் தோற்றுவாயாகவும் தம் இனத்தின் பிறப்பிடமாகவும் போற்றும் அந்நகருக்கு அப்பொழுது வந்து சேர்ந்தார். நகரின் வடபால் ஒலொக்குன் என்னும் தெய்வத்துக்குரிய சோலை ஒன்று உண்டு. அங்கே ஆட்களைக் கொண்டு தோண்டுவித்தார். சுடுமண் தலைகள் சில கிடைத்தன. ஊரார் சடங்கின்போது மண்ணிலிருந்து எடுத்து வழிபட்டு, மீண்டும் மண்ணிலேயே புதைத்து வைத்த பித்தளைத் தலை ஒன்றும் அவர் கண்ணிற் பட்டது. மனித முகத்தை இத்துணை அமைதியுடனும் உயிர்ப்புடனும் வடிக்கும் ஆற்றல் எங்கும் எளிதிற் காணப்படுவதன்று என்பதை அவர் உணர்ந்தார். உணர்ந்தபின் வந்தடைந்த முடிபுதான் விசித்திரமானது. தம்மைச் சூழ நின்ற கறுப்பு மக்களின் முன்னோர் இவற்றை ஆக்கியிருத்தல் இயலாது. கடலுள் ஆழ்ந்ததாகக் கிரேக்கர் கூறிய அத்திலாந்திசு நாட்டின் எச்சமே இஃபே. ஒலொக்குன் என்னும் கடற்றெய்வம் கிரேக்கரின் பொசைடனே என்று எழுதலானார்.

பித்தளைத் தலையை அவர் கொண்டுசெல்லாதவாறு பிரித்தானிய அதிகாரிகள் தடுத்துவிட்டனர். பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்னர், 1897இல், அயலிலுள்ள பெனின் அரண்மனையைச் சூறையாடியவர்களும் இதே பிரித்தானியரே என்பதை நினைவிற் கொண்டால், இத்தடையின் அறநோக்கத்தை நாம் அளவுக்கு மீறி மெச்ச வேண்டியதில்லை. எவ்வாறாயினும், சுடுமண் தலைகள் சில பேர்லின் அரும்பொருளகத்தைச் சென்றடைந்தன. பொருள் போனதிலும் பெரிய இழப்பு, அதனைச் செய்த கைகளின் பெயர் போனது. பிற்காலத்தில் செங்கோரும் எமே செசேரும் ஆபிரிக்கப் பண்பாட்டின் பெருமையை ஐரோப்பிய மொழியில் முதன்முதல் எடுத்துரைத்தவர் எனப் புரொபேனியசையே கொண்டாடினர் என்பது வரலாற்றின் முரண்பாடுகளுள் ஒன்று. புகழ்ந்தவனே உரிமையைப் பறித்தான். பறிகொடுத்தவனின் பேரர் புகழை மட்டும் எடுத்துக்கொண்டனர்.

இக்கட்டுரையில் யொரூபா மக்களின் புனிதச் சோலைகளைப் பற்றித் தொல்பொருளியலார் அண்மைக் காலத்திற் கண்ட உண்மைகளையும், அச்சோலைகளைக் கலைஞரும் எழுத்தாளரும் அரசுகளும் எவ்வாறு பொருள்கொண்டு வந்தனர் என்பதையும் ஒருங்குவைத்து நோக்க விழைகின்றோம்.

தென்மேற்கு நைஜீரியாவில் வாழும் யொரூபா மக்களிடையே ஊர்தோறும் சோலை இருந்தது. 'இக்போ' எனின் அவர்தம் மொழியிற் காடு. ஊரின் ஓரத்தில் வெட்டாது விடப்பட்ட காட்டுத் துண்டமே தெய்வத்தின் உறைவிடம். ஒலொக்குன் சோலையைப் பொறுத்தவரை நம்மை முதலில் உறுத்தும் ஐயம் ஒன்றுண்டு. இஃபே கடற்கரையிலிருந்து வெகு தொலைவில், உள்நாட்டில் உள்ள நகரம். கடலையே காணாத உழவர் பெருமக்கள் கடற்றெய்வத்துக்கு ஏன் சோலை அமைத்தனர்? ஒலொக்குன் கடலுக்கு மட்டுமன்றிச் செல்வத்துக்கும் உரிய தெய்வம் என்பர் யொரூபா மக்கள். மணிகளும் ஒலொக்குன் தரும் செல்வமே. விடைக்கான திறவுகோல் இங்கேதான் உளது.

அபிதெமி பாபலோலா என்னும் நைஜீரியத் தொல்பொருளியலாளர் இச்சோலையிற் செய்த அகழ்வாராய்ச்சியின் முடிபுகள் 2017இல் வெளியாயின. மிகச் சிறிய பரப்பில் மட்டும் தோண்டியபோதே பன்னீராயிரத்துக்கும் மேற்பட்ட கண்ணாடி மணிகள் வெளிப்பட்டன. கண்ணாடியை உருக்கும் மட்குகைகளின் உடைந்த துண்டுகள் நூற்றுக்கணக்கிற் கிடைத்தன. உருகி வழிந்த கண்ணாடிக் கழிவு கிலோக் கணக்கிற் கிடைத்தது. காலம் கி.பி. 11ஆம் நூற்றாண்டு முதல் 15ஆம் நூற்றாண்டு வரை. ஆபிரிக்காவிற் கண்ணாடி மணி எங்கு அகப்பட்டாலும், அது எகிப்திலிருந்தோ அராபியரிடமிருந்தோ இந்தியாவிலிருந்தோ வந்திருத்தல் வேண்டும் என்பதே அறிஞருலகின் நெடுநாள் நம்பிக்கை. மிஞ்சினால், வந்த கண்ணாடியை மீண்டும் உருக்கும் அளவுக்கு மட்டும் ஆபிரிக்கர் அறிந்திருந்தனர் என்று சற்றே இடங்கொடுப்பர். ஆனால் இஃபே மணிகளின் வேதியியல் அமைப்பு வேறு. சுண்ணாம்பும் அலுமினாவும் மிகுந்த அக்கண்ணாடி, மேற்கூறிய நாடுகள் எவற்றின் கண்ணாடியுடனும் ஒத்துவரவில்லை. உள்ளூர் மூலப்பொருள்களிலிருந்து உள்ளூர் வினைஞர் தாமே கண்ட செய்முறை அது. அவ்வமைப்புடைய மணிகள் நைஜர் ஆற்றங்கரையின் பழைய வாணிப நகரான காவோவரை பரவியிருந்தமையும் அறியப்பட்டுள்ளது.

புரொபேனியஸ் அத்திலாந்திசைத் தேடித் தோண்டிய அதே மண்ணில் ஒரு தொழிற்கூடம் இருந்தது! அவர் கையிலும் மணிகளும் உருக்குகைகளும் அகப்பட்டே இருந்தன. தொழிலாளியின் கருவி கையிலிருந்தும் கண்ணுக்குத் தொன்மக் கதையே தெரிந்தது. இதனை ஒரு தனிமனிதரின் பிழையாக நாம் கொள்ளவில்லை. காலனி ஆட்சியின் நியாயமே அம்மக்களுக்கு வரலாறு இல்லை என்பதாயிருந்தது. அத்தகைய காலத்தில் உலைக்களத்தைக் கண்டாலும் அதனை உலைக்களமாகக் காண்பதற்கு இடமிருக்கவில்லை.

தொழில் நின்றது. ஏன் நின்றது என்பது வேறு ஆராய்ச்சி. உலை அவிந்தபின் காடு மூடிற்று. ஆயினும் அவ்விடத்தின் மண்ணிலிருந்து பழைய மணிகளைத் தோண்டியெடுத்து விற்போர் பல தலைமுறைகளாக இருந்துவந்தனர். நிலத்தைக் கிளறினால் செல்வம் கிடைக்கின்றது, கொடுப்பவர் யார்? ஒலொக்குன். நிலத்திலிருந்து மணி வரும் என்ற அனுபவ உண்மை எஞ்சியது. அம்மணியை ஆக்கியவர் மனிதர் என்ற நினைவு தேய்ந்தது. மனித உழைப்பின் விளைவு தெய்வத்தின் கொடையாகத் தோற்றங் கொள்ளும் நிகழ்ச்சியை இதனிலும் தெளிவாகக் காட்டவல்ல எடுத்துக்காட்டு நமக்குத் தெரிந்தவரையில் இல்லை.

எனினும், இவ்விடத்தில் நம்முடைய அணியைச் சேர்ந்த சிலர் செய்யும் அவசரத்தையும் கண்டிக்க வேண்டியுள்ளது. 'சடங்கின் கீழ் உற்பத்தி இருந்தது. எனவே சடங்கு வெறும் மயக்கம்' என்று ஒரே அடியில் முடித்துவிடுவது எளிது. உலை எரிந்த காலத்திலேயே அவ்விடம் புனிதமானதாகக் கருதப்படவில்லை என்று எவ்வாறு கூறுவது? மட்குகையின் அளவும் நெருப்பின் பக்குவமும் சிலருக்கு மட்டுமே தெரிந்த மறையாயிருந்த சமுதாயத்தில், அயலார் நுழையக்கூடாத சோலை என்னும் விலக்கே தொழில் இரகசியத்தின் வேலியாகவும் இருந்திருக்கலாம் என்பது நம் ஊகம். மணி யாருக்குச் சென்றது என்பதையும் மறத்தலாகாது. மணி முடியும் மணி மாலையும் அரசருக்கும் பெருங்குடியினருக்கும் உரியவை. இஃபேயின் சிற்பங்களிற் கழுத்திலிருந்து மார்புவரை மணிகள் அடுக்கடுக்காகத் தொங்குவதைக் காண்கின்றோம். குகையின் முன் வெந்தவரின் முகம் அந்தப் பித்தளைத் தலைகளுள் ஒன்றாக இருக்கும் என நம்ப நமக்குத் துணிவில்லை.

சடங்கு மாறாதது, காலங்கடந்தது என்னும் பேச்சைத் தகர்ப்பதற்கு இஃபேயின் ஏனைய சோலைகளே போதுமானவை. ஓரே சோலையில் 'இதேனா' எனப்படும் கருங்கற் சிலை நிற்கின்றது. தலைமயிருக்குப் பதிலாக இரும்பாணிகள் அறையப்பட்ட உருவம் அது. கல்லையும் இரும்பையும் இணைத்த அக்கைவினைஞன் எத்தெய்வத்தை எண்ணி அறைந்தான் என்பது இன்று வழிபடுவோர் கூறும் கதையிலிருந்து புலப்படாது. 1938இல் உன்மொனிஜே என்னும் வளவில், அரண்மனைக்கு அண்மையில், வீடு கட்ட அத்திவாரம் வெட்டியபோது பித்தளைத் தலைகள் ஒரு குவியலாக வெளிப்பட்டன. அத்திலாந்திசுக் கதையின் உயிர் அன்றே போயிற்று எனலாம். 1957இல் இத்தா யெமோ என்னுமிடத்திற் கட்டட வேலையாட்களின் மண்வெட்டியிற் பித்தளை உருவங்கள் தட்டுப்பட, பிராங் வில்லெற் அங்கே முறையான அகழ்வை நடத்தினார். கண்டுபிடிப்பின் வரலாற்றில் அறிஞரின் பெயர் நிற்கின்றது. மண்வெட்டி பிடித்தவனின் பெயர் நிற்பதில்லை என்பதை ஈண்டு போகிற போக்கிற் குறித்துச் செல்கின்றோம்.

வில்லெற் முதலியோர் எடுத்துக்காட்டிய உண்மை யாதெனில், சோலைகளிற் காணப்பட்ட சுடுமண் தலைகள் பல அவை ஆக்கப்பட்டபோது இருந்த இடத்தில் இல்லை என்பதே. பிற்கால மக்கள் நிலத்தில் அகப்பட்ட பழஞ்சிற்பங்களை எடுத்துவந்து, புதிய தெய்வங்களுக்குரிய புதிய இடங்களில் வைத்து வழிபட்டனர். ஓர் அரசனின் நினைவுக்காகச் செய்யப்பட்டிருக்கக்கூடிய தலை, நூற்றாண்டுகள் கழித்து வேறொரு கதையின் தெய்வமாயிற்று. பொருள் பழையது, பொருளின் பொருள் புதியது. இதற்கு மாறாக, பீற்றர் கார்லேக் 1971-72இல் ஒபலாரா நிலத்தில் அகழ்ந்தபோது, பழைய சடங்கு தன் இடத்திலேயே கிடந்தது. உடைந்த பானை ஓடுகளைச் செங்குத்தாக அடுக்கிப் பதித்த தளம், மனித எலும்புக் குவியல், புடைப்புருவங்கள் கொண்ட ஒரு பானை ஆகியவை கிடைத்தன. அப்பானையில் ஒரு வழிபாட்டிடமே செதுக்கப்பட்டுள்ளது: நடுவில் இயற்கையான மனிதத் தலை, இருபுறமும் கூம்பு வடிவான தலைகள். உயிர்ப்புள்ள முகமும் முகமற்ற கூம்பும் ஒரே பீடத்தில் ஒரே காலத்தில் இருந்தன. கலை எளிமையிலிருந்து இயற்பண்பை நோக்கிப் படிப்படியாக ஏறிற்று என்று பாடநூல் எழுதுவோர் இப்பானையைப் பார்ப்பது நன்று. எலும்புக் குவியலையும் பார்ப்பது நன்று. சோலையைக் குற்றமற்ற இயற்கை வாழ்வின் சின்னமாகக் காட்டும் இக்காலத்து மென்மொழி அதனருகே சற்றுத் தயங்கும்.

இனி ஓஷொக்போ. ஓஷுன் ஆற்றின் கரையிலுள்ள இச்சோலை 75 ஹெக்டேயர் பரப்புடையது. 1965இல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 2005இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. ஊர்த் தோற்றம் பற்றி வழங்கும் கதை வருமாறு: லரோயே என்னும் தலைவனும் திமெகின் என்னும் வேட்டைக்காரனும் நீர் தேடி மக்களுடன் ஆற்றங்கரைக்கு வந்தனர். அவர்கள் வெட்டிய மரம் ஆற்றினுள் வீழ்ந்தது. தன் சாயப் பானைகளை உடைத்துவிட்டார்களென ஆற்றினுள்ளிருந்து ஒரு குரல் எழுந்தது. குரலுக்குரியவள் ஓஷுன். குடியிருப்பைக் கரையிலிருந்து மேட்டு நிலத்துக்கு மாற்றுமாறும் ஆண்டுதோறும் தனக்குச் சடங்கு செய்யுமாறும் அவள் பணித்தாள்.

தெய்வத்தின் கையில் வாளில்லை, சாயப் பானை இருக்கின்றது என்பதை நாம் கவனித்தல் வேண்டும். ஓஷொக்போ அவுரிச் சாயத்துக்குப் பெயர்போன ஊர். சாயமிடல் பெண்களின் தொழில். அக்கின் ஒகுந்திரன் இச்சோலையினுள் நடத்திய அகழ்வுகள், அது என்றும் மனிதர் வாழாத காடாக இருந்ததில்லை என்பதை நிறுவின. 17ஆம் 18ஆம் நூற்றாண்டுகளில் அங்கே மக்கள் குடியிருந்தனர். ஓயோப் பேரரசுக்கும் இலேஷா அரசுக்கும் இடைப்பட்ட எல்லை நிலத்தில், பல திசைகளிலிருந்து வந்தோர் கூடி அமைத்த குடியிருப்பு அது. மக்கள் மேட்டு நிலத்துக்குப் பெயர்ந்தபின்னரே பழைய ஊர் சோலையாயிற்று. கதை கூறுவதும் ஏறக்குறைய அதுவே! கதையைப் பொய்யென ஒதுக்கும் பகுத்தறிவும், அதனை உள்ளவாறே நம்பும் பத்தியும் ஒருசேரத் தவறவிட்ட செய்தியை மண்வெட்டி மீட்டுத் தந்தது. 1840இல் இபாதான் படை இலோரின் படையை ஓஷொக்போவில் முறியடித்தபோது, ஓஷுன் உணவு விற்கும் பெண்ணாக வந்து பகைவருக்கு நஞ்சூட்டினாள் என்றொரு கதையும் பின்னர் சேர்ந்தது. சாயக்காரி போர்த்தெய்வமானாள், காலத்தின் தேவை அது.

சோலைகளின் சடங்குப் பொருள்களிடையே நமக்கு நேரே தொடர்புடைய ஒன்றும் உண்டு. நாம் சோகி என்று கூறும் கடற்சிப்பியே அது. ஓஷுனின் அடியார் பதினாறு சோகிகளை உருட்டிக் குறி பார்ப்பர். அச்சிப்பி மாலைதீவுக் கடலிற் பிறந்தது. 17ஆம் 18ஆம் நூற்றாண்டுகளில் ஒல்லாந்தர் இலங்கைத் துறைகளின் வழியாக அதனைத் திரட்டி அம்ஸ்ரடாமுக்கு அனுப்பினர். அங்கே ஏலத்திற் கொள்ளப்பட்டு, மேற்கு ஆபிரிக்கக் கரையில் மனிதரை விலைக்கு வாங்கும் நாணயமாக அது இறங்கிற்று. நம் சிறுவர் தாயம் உருட்டும் சோகிக்கு இப்படியொரு வரலாறு உண்டென்பதை எந்தப் பாடநூலும் கூறவில்லை. அடிமை வணிகத்தின் பணம் சோலையிற் குறிசொல்லும் தெய்வ வாக்காயிற்று. விற்கப்பட்டவர்களோ கியூபாவுக்கும் பிரேசிலுக்கும் ஓஷுனைக் கொண்டுசென்றனர். அங்கே அவளுக்குச் சோலையில்லை. கத்தோலிக்கக் கன்னி மரியாளின் உருவுக்குள் அவள் மறைந்து வாழ நேர்ந்தது.

1950களில் ஓஷொக்போச் சோலை அழியும் நிலைக்கு வந்துவிட்டது. இஸ்லாமும் கிறித்தவமும் பரவியதாற் பூசகர் குறைந்தனர். மரச்சிற்பங்கள் திருடப்பட்டு அரும்பொருள் சந்தைக்குச் சென்றன. அரசாங்க வேளாண்மைத் திணைக்களமே சோலையின் ஒரு பகுதியை எடுத்து மரங்களை வெட்டித் தேக்குப் பயிரிட்டது. இந்நிலையிலேயே சுசானே வெங்கர் என்னும் ஒஸ்திரிய ஓவியர் அங்கு வருகிறார். 1915இல் கிராஸ் நகரிற் பிறந்த அவர், 1950இல் கணவர் உல்லி பையருடன் நைஜீரியா வந்து, ஒபதாலாத் தெய்வத்தின் வழிபாட்டில் தீட்சை பெற்று, 2009இல் இறக்கும்வரை ஓஷொக்போவிலேயே வாழ்ந்தார். மரம் வெட்டுவோரையும் நிலம் பிடிப்போரையும் எதிர்த்து நின்றார். அதேபிசி அக்கான்ஜி, புரைமோ பதாமொசி, கசாலி அக்காங்பே முதலிய உள்ளூர்க் கலைஞருடன் சேர்ந்து, பழுதுற்ற ஆலயங்களைப் புதுக்கினார். வானளாவிய புதிய உருவங்களை எழுப்பினார்.

அவர் இன்றேற் சோலை இல்லை என்பதை ஒப்புக்கொள்கின்றோம். அவருடைய கலைக் கொள்கையை ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதில்லை. இன்று பயணிகள் ஆதிகாலத்து ஆபிரிக்க மறைஞானம் என வியந்து படம் எடுக்கும் உருவங்கள் 1960களிலும் அதன் பின்னரும் சீமெந்தில் ஆக்கப்பட்டவை. அதிற் பிழையில்லை, சடங்கு தன் காலத்துப் பொருளைக் கொண்டே தன்னைப் புதுப்பிக்கும். பிழை யாதெனில், அப்புதுமையைப் புதுமையெனக் கூறாது காலங்கடந்த ஆன்மிகம் எனக் கூறுவது. கொத்து வேலை செய்துகொண்டிருந்த அக்கான்ஜி, சுவர் எழுப்பிய கையாற் சிற்பம் எழுப்பினார். அவ்வுருவங்களின் திண்மையிலும் துணிவான வளைவுகளிலும் நாம் காண்பது கொத்தனாரின் அறிவு. திறனாய்வாளர் பலர் வெங்கரின் கனவுகளைப் பற்றி எழுதிய பக்கங்களில் ஒரு பங்கேனும் அவ்வறிவைப் பற்றி எழுதினாரில்லை. புரொபேனியசின் கண்நோய் முற்றிலும் தீர்ந்ததென்று கூறுவதற்கில்லை.

யொரூபா இலக்கியமும் இச்சோலையைத் தாண்டிச் செல்லவில்லை. பாடசாலை ஆசிரியராயிருந்த பகுன்வா 1938இல் தம் தாய்மொழியில் வெளியிட்ட நாவலில், வேட்டைக்காரன் ஆவிகளின் காட்டினுள் நுழைகிறான். வொலே சொயிங்கா அதனை 1968இல் ஆங்கிலமாக்கினார். பகுன்வாவின் காடு அச்சமும் நகையும் அறவுரையும் நிறைந்தது. அங்கே உழைப்போர் இல்லை. சொயிங்காவின் 'ஸ்ட்ரோங் பிறீட்' நாடகத்தில் ஊரின் பாவத்தைச் சுமக்க ஒருவன் பலியாக வேண்டும். வேற்றூரிலிருந்து வந்த ஆசிரியன் ஒருவன், அறிவு குன்றிய சிறுவனுக்குப் பதிலாகத் தன்னைக் கொடுக்கிறான். அந்நாடகத்தின் துயரம் நெஞ்சை உலுக்குவது. சொயிங்காவின் மொழியாற்றலை மறுப்போர் இலக்கியம் அறியாதோர். ஆயினும் பலி என்னும் ஏற்பாடு அங்கே மனிதனின் தலைவிதிபோல் நிற்கின்றது. பெமி ஒசொபிசான் 1982இல் வெளியிட்ட 'நோ மோர் த வேஸ்ரெட் பிறீட்' இதற்கு நேர்விடை. ஒசொபிசான் ஒலொக்குனையே மேடைக்கு இழுத்து வந்து, சுமப்பவர் எப்பொழுதும் எளியவராகவே இருப்பது ஏன் என்று கேட்கவைக்கிறார். நாடகக் கட்டுக்கோப்பிற் சொயிங்காவுக்கு அவர் நிகரல்லர். கேள்வி மட்டும் சரியானது. சடங்கை ஒதுக்காமல், அதன் உள்ளேயே நின்று அதனைக் கேள்விக்குட்படுத்தும் இம்முறையிலிருந்து நம் நாடகாசிரியர் கற்க வேண்டியது நிரம்ப உண்டு.

ஓஷொக்போவில் ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதத்தில் விழா நடைபெறுகின்றது. அருக்பா எனப்படும் கன்னிப்பெண் படையற் பொருள்களைத் தலையிற் சுமந்து ஆற்றுக்குச் செல்கிறாள். முஸ்லிமாக உள்ள அரசரும் அவ்விழாவை முன்னின்று நடத்துவதுண்டு. வழிபடுவோர் அதனை முரண்பாடாகக் கருதுவதில்லை. வழிநெடுகத் தொலைபேசிக் கம்பனிகளினதும் மதுபானக் கம்பனிகளினதும் விளம்பரங்கள் தொங்குகின்றன. மக்கள் ஆற்றுநீரை முகந்து குடிக்கின்றனர். பிள்ளைப்பேறு வேண்டும் பெண்கள் அதனைப் போத்தல்களில் நிரப்பி வீட்டுக்கு எடுத்துச் செல்கின்றனர். ஓஷுன் பிள்ளை தருபவள்.

அந்நீர் இன்று கலங்கி மண்ணிறமாக ஓடுகின்றது. ஆற்றின் மேற்பகுதியிற் பொன் தோண்டுவோர் மண்ணைக் கழுவி ஆற்றினுள் விடுகின்றனர். அக்கழிவுடன் நச்சு உலோகங்கள் கலக்கின்றன. அகழும் கூலியாட்கள் வறியவர்; பொன்னைக் கொள்வோர் வேறிடத்தில் உள்ளனர். நீரைக் குடிக்க வேண்டாம் என மாநிலச் சுகாதாரத் திணைக்களம் மக்களை எச்சரித்தது. 2022ஆம் ஆண்டு விழாவிலும் மக்கள் அதனைக் குடித்தனர். உலக மரபுரிமைப் பட்டியல் 75 ஹெக்டேயர் காட்டுக்கு வேலியிடுகின்றது. வேலிக்கு வெளியிலிருந்து வரும் ஆற்றுக்கு அதனிடம் விதியில்லை. சாயப் பானை உடைந்ததற்குக் குரலெழுப்பியவளின் ஆற்றில், மேட்டு நிலத்துக்கு மாறிச் செல்வதற்கு இம்முறை அம்மக்களுக்கு வேறு நிலம் இல்லை. விழா முடிந்தபின் அருக்பாவின் தோழியரும் முதிய பூசகப் பெண்களும் கரையில் நின்று அதே நீரைக் கைகளில் ஏந்திப் பிள்ளைகளின் வாயில் விடுகின்றனர்.